தலைக்கவசமும் சென்னை வெயிலும்



நான் பிறந்து வளர்ந்த ஊர் கோடம்பாக்கம் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே சினிமாவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் பார்த்த படங்கள் மிகக் குறைவு. ஆயினும், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது ஒரு படப்பிடிப்புத் தளத்தின் மதிற்சுவர் மேல் ஏறி நின்று நான் கண்ட காட்சி ஒன்று இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. சண்டைக் கலைஞர் ஒருவர் இரண்டு மாடி உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். அவர் விழப்போகும் இடத்தில் வெற்று அட்டைப் பெட்டிகளை வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் மெத்தைகளை விரித்திருந்தார்கள். அவர் குதித்தார்; பெட்டிகள் நொறுங்கின; மனிதர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். சுவரருகே நின்ற உதவியாள் ஒருவரிடம், "அவ்வளவு பெட்டிகளும் பாழாய்ப் போயினவே!" என்று அங்கலாய்த்தேன். "பெட்டி பாழானால்தானே தம்பி ஆள் பிழைப்பான்" என்றார் அவர்.

பிற்காலத்தில் பொறியியல் படித்து, அதையே முப்பது ஆண்டுகள் கற்பித்தும் வந்தேன். விளையாட்டு வீரர்கள் அணியும் காப்புக் கருவிகளைப் பற்றி எத்தனையோ நூல்கள் விரித்துரைக்கும் தத்துவத்தின் பாதியை அந்த உதவியாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மற்றப் பாதியை என் தங்கை மகனிடமிருந்து கற்றுக்கொண்டேன். அதற்கு அவன் புருவத்தில் மூன்று தையல்களைக் கூலியாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதற்பாதியைப் பார்ப்போம். கிரிக்கெட் பந்து ஒன்றின் எடை ஏறக்குறைய 160 கிராம். வேகப் பந்து வீச்சாளர் அதை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், அது விநாடிக்கு 39 மீட்டர் வீதம் பாய்ந்து வருகிறது. அவர் கையை விட்டு நீங்கி மட்டையாளரை வந்தடைய அரை விநாடியும் ஆவதில்லை. அந்தப் பந்து சுமந்து வரும் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 120 ஜூல் என்று வரும். இந்த எண் உங்களுக்கு ஒன்றும் சொல்லாவிட்டால், ஒரு கிலோ எடையுள்ள கருங்கல் நான்காம் மாடியிலிருந்து விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுவும் இதுவும் ஒன்றே. தரையில் பட்டு எழும்போது பந்தின் வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அடிபடும் தலைக்கு அது பெரிய ஆறுதல் ஆகாது.

இந்த ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். கவசம் அதை மாயமாக்கி விடுவதில்லை. பந்து நிற்பதற்குச் சிறிது தூரத்தை ஏற்படுத்திக் கொடுப்பதுதான் கவசத்தின் வேலை. நான்கு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நிற்கும் பந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் நிற்குமானால், தலையின்மேல் விழும் விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உயரமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கைகளை உங்கள் பக்கமாகச் சற்றே இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அந்தத் தந்திரமேதான் இது. அட்டைப் பெட்டிகள் நொறுங்கியதும் இதற்காகத்தான்.

இயற்கை இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று காண நம் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். நாற்பதடி உயரத்திலிருந்து விழும் தேங்காய் உடையாமல் கிடக்கிறது. வெளியே நார் மட்டை, உள்ளே கெட்டியான ஓடு. ஆனால் கிரிக்கெட் தலைக்கவசத்தைப் பிரித்துப் பார்த்தால் அமைப்பு தலைகீழாக இருக்கும். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே நசுங்கும் நுரைப்பொருள். ஏன் இந்த மாற்றம்? தேங்காய் விழுவது பரந்த தரையின்மேல். அதன் மட்டை அகலமாக நசுங்கிக் கொடுக்கிறது. பந்தோ சிறியது, கடினமானது. நார் மட்டையை நேராகத் தாக்கினால் ஒரு ரூபாய் நாணயமளவு இடத்தில் குழி பறித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். ஆகவே முதலில் அந்த அடியை உள்ளங்கை அகலத்துக்குப் பரப்ப ஓர் ஓடு வேண்டும். பரப்பிய பின்பே நுரை அதை வாங்கி நசுங்க வேண்டும். நம் தலைக்கு உள்ளே ஏற்கெனவே ஓர் ஓடு இருக்கிறது. அதற்கு வெளியே மட்டை. அதற்கும் வெளியே இன்னோர் ஓடு.

நுரை என்றதும் பஞ்சு போல மெத்தென்று இருப்பதே நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். கடையில் கவசத்தைக் கையிலெடுத்து உள்ளே கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்குவதை வாங்கி வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். விரலுக்கு அமுங்குவது பந்துக்கு முன் ஒரு நொடியும் நில்லாது; முழுதும் நசுங்கி, இல்லாததற்குச் சமமாகிவிடும். மிகக் கடினமானதோ நசுங்கவே நசுங்காது. மரக்கட்டையைத் தலையில் கட்டிக்கொண்ட கதைதான். எந்த விசையில் நசுங்கத் தொடங்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பதே பொறியாளரின் கலை. மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் கவசத்தில் தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த நுரையை வைக்கிறார்கள். அது ஒரே ஒரு முறை நொறுங்கி, ஓர் உயிரைக் காத்துவிட்டுத் தன் கடமையை முடித்துக்கொள்ளும். மட்டையாளருக்கு ஒரே நாளில் இரண்டு முறைகூட அடி விழலாம். அதனால் அமுங்கி மீண்டும் எழும் நுரைகள் விளையாட்டுக் கவசங்களில் அதிகம் பயன்படுகின்றன. விரலுக்கு அமுங்கும் அந்த மெல்லிய பஞ்சு, தலைக்கும் கெட்டி நுரைக்கும் இடையே சுகத்துக்காக வைத்த தனி அடுக்கு. காப்பது அதன் பின்னால் இருப்பது.

இத்தனை அறிவும் கிரிக்கெட்டுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 1933 இல் இங்கிலாந்தின் பாட்ஸி ஹெண்ட்ரன், இரு காதுகளையும் மறைக்கும்படி தம் மனைவி வடிவமைத்த மூன்று விளிம்புத் தொப்பியை அணிந்து லார்ட்ஸ் மைதானத்தில் ஆடினார். பார்த்தவர்கள் வேடிக்கையாக நினைத்தார்கள், வேறொருவரும் பின்பற்றவில்லை. 1962 மார்ச் மாதம் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், இந்திய அணியின் தலைவர் நாரி காண்ட்ராக்டர் தலையில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து பட்டு மண்டையோடு முறிந்தது. அவசர அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு இரத்தம் கொடுத்தவர்களில் எதிரணி நாட்டின் தலைவர் ஃபிராங்க் வொரெல்லும் ஒருவர். உயிர் தப்பியது, டெஸ்ட் ஆட்டம் மட்டும் அவருக்கு அத்துடன் முடிந்தது. பிறகு தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் அவர் மண்டையோட்டில் ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டது. அறுபது ஆண்டுகள் தலைக்குள் இருந்த அந்தத் தகட்டை 2022 இல் மும்பையில் எடுத்தார்கள். வெளியே அணிந்திருக்க வேண்டிய கவசத்தை உள்ளே சுமந்தவர் அவர் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

அதற்குப் பின்னும் கவசம் வரப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1977 இல் இங்கிலாந்தின் மைக் பிரேர்லி தொப்பிக்கு அடியில் சிறிய மண்டைக் காப்பு ஒன்றை அணிந்தார். அடுத்து டென்னிஸ் ஏமிஸ் மோட்டார் சைக்கிள் கவசத்தைப் போன்ற ஒன்றை அணிந்து ஆஸ்திரேலியாவில் ஆடினார். 1978 இல் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் முழுக் கவசம் அணிந்த முதல்வரானார். அதுவும் காண்ட்ராக்டர் வீழ்ந்த அதே பிரிட்ஜ்டவுன் நகரில்! ரசிகர்கள் அவரைக் கேலி செய்தார்கள். நம் சுனில் கவாஸ்கரோ பெரிய கவசத்தை ஏற்காமல், தொப்பிக்குக் கீழே சிறு மண்டைக் காப்பு ஒன்றையே அணிந்து வந்தார். விவியன் ரிச்சர்ட்ஸ் 1991 இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும்வரை கவசமே அணியவில்லை. இவர்கள் அஞ்சாநெஞ்சர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காலக் கவசங்கள் கனமானவை, காற்றுப் புகாதவை, காதை அடைப்பவை. மறுமுனையில் நிற்பவர் "வா" என்றாரா "வராதே" என்றாரா என்பதும் சரியாகக் கேட்டிராது!

இங்கேதான் நான் சொன்ன மறுபாதி தொடங்குகிறது. சென்னைச் சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் நடந்த இந்திய ஆஸ்திரேலிய டெஸ்ட் ஆட்டம் சரிசமனில் முடிந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் எடுத்தார். எடுத்த பின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு நரம்பு வழியே நீர் ஏற்றப்பட்டார். அவரை வீழ்த்தியது பந்தன்று. நமது வெயிலும் புழுக்கமும். நம் ஊரில் காற்றிலேயே ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இத்தகைய ஊரில் தலைமேல் ஒரு நுரைப் பெட்டியைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? வியர்வை கண்ணில் வழியும், கவனம் சிதறும், அரை விநாடியில் எடுக்க வேண்டிய முடிவு தாமதப்படும். பந்தை விலக்கியிருக்கக் கூடியவன் அடிவாங்குவான். ஆகையால் சுகம் என்பதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதுவும் பாதுகாப்பின் ஓர் உறுப்பேயாகும்.

சரி, ஓட்டில் நிறைய துளைகள் போட்டால் என்ன? ஒவ்வொரு துளையும் ஓட்டின் வலிமையைக் குறைக்கிறது; துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். எனவே பந்து அதிகம் தாக்கும் நெற்றிப் பகுதியைத் தவிர்த்து, உச்சியிலும் பின்புறத்திலும் பக்கங்களிலும் சிறு துளைகளை வைத்து, உள்ளிருக்கும் நுரையில் வாய்க்கால் போல் வழிகள் வெட்டுகிறார்கள். ஓடும்போது ஒருபுறம் காற்று நுழைந்து மறுபுறம் வெளியேறும். நுரையைத் தடிப்பாக்கலாமே என்றால், தடிப்புக் கூடக் கூட எடை கூடும். கழுத்துக்குப் பாரம் கூடும். தலை பெரிதாவதால் முன்பு உரசாமல் போயிருக்கும் பந்தும் இப்போது உரசும். முகத்துக்கு முன்னுள்ள கம்பி வலையில் இரும்புக்குப் பதில் டைட்டானியம் வைத்தால் எடை கிட்டத்தட்டப் பாதிக்குக் குறையும், விலையோ ஏறிவிடும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்க வேண்டும்.

அந்தக் கம்பி வலைக்கும் நெற்றி விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒன்றே ஒரு தனிச் சொற்பொழிவுக்குப் போதும். இடைவெளி அகன்றால் பந்து நன்றாகத் தெரியும். அதன் வழியே பந்து உள்ளேயும் வரும். 2014 இல் மான்செஸ்டரில் நம் வருண் ஆரோன் வீசிய பந்து அப்படித்தான் ஸ்டூவர்ட் பிராடின் கவசத்துக்குள் புகுந்து மூக்கை உடைத்தது. கவசம் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள்! பழைய சோதனைகள் ஓடு தாங்குமா என்று பார்த்தனவே தவிர, பந்து நுழையுமா என்று பார்க்கவில்லை. 2013 இல் வெளியான பிரிட்டிஷ் தர விதி, முகவலையின்மேல் உண்மையான வேகத்தில் பந்தை எறிந்து பார்க்க வேண்டும் என்று வகுத்தது. 2017 முதல் சர்வதேச ஆட்டங்களில் கவசம் அணிகிறவர் அவ்விதிக்கு உட்பட்டதையே அணிய வேண்டும் என்று ஆயிற்று.

2014 நவம்பரில் சிட்னியில் ஃபிலிப் ஹியூஸ் என்ற 25 வயது இளைஞர் இறந்ததை எண்ணும்போது என் போன்ற பொறியியல் ஆசிரியர்களுக்கு நெஞ்சு கனக்கும். அவர் கவசம் அணிந்திருந்தார். பந்து பட்டது கவசத்துக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில். அதன் பின்னர் கவசத்தின் பின்விளிம்பில் தொங்கும் கழுத்துக் காப்பை உருவாக்கினார்கள். எத்தனை பேர் அணிந்தார்கள்? ஸ்டீவ் ஸ்மித் அதை மாட்டிப் பார்த்தபோது மூச்சு முட்டுவது போலிருந்தது என்றும், இதயத் துடிப்பே ஏறியது என்றும் சொன்னார். 2019 இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து அவருடைய கழுத்தைத் தாக்கியபோது அந்தக் காப்பு அவரிடம் இல்லை. மறுநாள் மூளை அதிர்ச்சியின் காரணமாக அவர் விலக, அவருக்குப் பதிலாக லபுஷேன் களமிறங்கினார். அப்படிப் பதிலாள் இறங்குவது டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதல் முறை. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்கு, வேகப் பந்தை எதிர்கொள்ளும்போது, கழுத்துக் காப்பு கட்டாயமாயிற்று.

மூளை அதிர்ச்சி என்றேன். கவசம் மண்டையோட்டைக் காப்பதில் கெட்டி. மூளை குலுங்குவதைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டியில்லை. உள்ளே பருப்பு வற்றி ஆடுகின்ற கொப்பரைத் தேங்காயைக் காதருகே வைத்து அசைத்துப் பாருங்கள். ஓட்டில் கீறலே விழாதிருக்கலாம். பருப்பு உள்ளே மோதிக்கொண்டுதான் இருக்கும். ஆகையால் தலையில் அடிபட்டவன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அவனை மீண்டும் ஆட விடாமல் உட்கார வைத்து, மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ராமன் லாம்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்காக ஆடிய இவர், 1998 பிப்ரவரியில் டாக்கா நகரில் ஒரு கழக ஆட்டத்தில் மட்டையாளருக்கு மிக அருகில் தடுப்பாளராக நின்றார். கவசம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, ஓவரில் மீதமிருப்பது மூன்றே பந்துகள், வேண்டாம் என்றாராம். பந்து நெற்றியோரத்தில் பட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். மைதானத்தில் கவசம் இருந்தது, தலையில்தான் இல்லை. தெருவில் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு போகும் கவசங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு லாம்பாவின் நினைவு வருகிறது.

இனி என் தங்கை மகன் கதை. அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது கிரிக்கெட் பயிற்சிக்குச் சேர்த்தோம். கவசம் வாங்கித் தரும் பொறுப்பு, பொறியியல் வாத்தியார் என்ற காரணத்தால், என் தலையில் விழுந்தது. தர முத்திரை, ஓடு, நுரை, கம்பி எல்லாவற்றையும் ஆராய்ந்தேன். கடைசியில், வளர்கிற பிள்ளையாயிற்றே, இரண்டு வருஷம் வரட்டும் என்று ஓர் அளவு பெரியதாக வாங்கிவிட்டேன். நம் வீடுகளில் காற்சட்டையும் செருப்பும் வாங்குகிற அதே கணக்கு! பையன் குனிந்தால் அது மூக்குவரை இறங்கும், ஓடினால் ஆடும். "மாமா, பந்தே தெரியவில்லை, தலை வேகிறது" என்று இரண்டு முறை சொன்னான். பழகிவிடும் என்றேன். மே மாதத்து முற்பகல் ஒன்றில் அவன் அதைக் கழற்றி எல்லைக் கோட்டருகே வைத்துவிட்டு வலைப் பயிற்சிக்குள் போனான். பந்து வீசியவன் அவனுடைய தோழன், வேகமும் அதிகமில்லை. புருவம் கிழிந்து மூன்று தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் மருத்துவர். தங்கை என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஓட்டின் வலிமை, நுரையின் அடர்த்தி எல்லாவற்றையும் கணக்கிட்ட நான், அது ஒரு பையனின் தலையில் ஒரு முற்பகல் முழுதும் இருக்குமா என்பதைக் கணக்கிடவில்லை. பிறகு அவனையே அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்த முதியவர், தையற்காரர் போல அளவு நாடாவை எடுத்து, புருவங்களுக்கு மேலே தலையைச் சுற்றி அளந்தார். 53 சென்டிமீட்டர். நான் வாங்கியிருந்தது 58க்கு உரியது. புதியதை மாட்டி, பின்னாலுள்ள திருகைப் பொருத்தி, தாடை வாரை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கி, "இப்போது தலையை வேகமாக ஆட்டு" என்றார். பையன் மாட்டேன் என்கிறவனைப் போலத் தலையை ஆட்டினான். கவசம் தலையோடு சேர்ந்து ஆடிற்று, தனியாக ஆடவில்லை. "இனி கழற்றமாட்டான் சார்" என்றார் அவர்.

அன்று மாலை அவன் அதை அணிந்தபடியே மின்சார ரயிலில் வீடு வந்து சேர்ந்தான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.